படம் சொல்வதும் சொல்லாததும்

மாணவச் செல்வங்களே! வரலாற்று நூல்களில் இரு படங்களை அடிக்கடி காண்கின்றீர்கள். ஒன்று, மலாக்காக் கோட்டையின் வாயில். மற்றொன்று, தாடியுடன் தோன்றும் கடலோடி மகெல்லனின் உருவம். இவற்றை எவ்வாறு படிப்பது என்பதை அறிவோம்.

1511-ஆம் ஆண்டு ஆகஸ்டில் போர்த்துக்கீசியர் அல்புகர்க்கின் தலைமையில் மலாக்காவைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். ஆனால் வாயிலின்மேல் உள்ள சின்னமும் 1670 என்னும் ஆண்டும் டச்சுக்காரர் பொறித்தவை. 1807-இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தனர், வாயில் எஞ்சியது. ஒரே படத்தில் மூன்று ஆட்சிகளின் தடங்கள் உள்ளன.

மகெல்லன் போர்த்துக்கல்லில் பிறந்தவர். மலாக்காப் போரில் பங்கேற்றவர். பின்னர் ஸ்பெயின் மன்னரின் பணியேற்று, 1519-இல் ஐந்து கப்பல்களுடன் மேற்கே புறப்பட்டார். 1520 நவம்பரில் பசிபிக் பெருங்கடலை அடைந்தார். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்சின் மக்தான் தீவில் போரில் மாண்டார். விக்டோரியா என்னும் கப்பல் மட்டுமே 18 பேருடன் 1522-இல் உலகைச் சுற்றி ஸ்பெயினை அடைந்தது. அவருடைய புகழ்பெற்ற உருவப்படங்கள் அவர் மறைந்தபின் வரையப்பட்டவையே.

அப்படங்களில் இல்லாத ஒருவர் உண்டு. அவர் என்ரிக்கே. மகெல்லனின் அடிமை, மலாக்காவைச் சேர்ந்தவர் என்று மகெல்லனின் உயிலே கூறுகின்றது. பிலிப்பைன்ஸ் தீவில் அவர் தம் மொழியில் பேசியபோது அங்கிருந்தோர் புரிந்துகொண்டனர். காரணம் என்ன? தமிழர், குஜராத்தியர், ஜாவானியர், சீனர் எனப் பலரும் கூடிய மலாக்காச் சந்தையில் 84 மொழிகள் வழங்கியதாகத் தோமே பிரேஸ் எழுதியுள்ளார். அவர்களை இணைத்த வணிகமொழி மலாய். அது தொலைத்தீவுகளிலும் பரவியிருந்தது.

தாம் இறந்தபின் என்ரிக்கே விடுதலை பெறவேண்டும் என மகெல்லன் உயிலில் எழுதியிருந்தார். ஆயினும் புதிய தலைவர்கள் அதனை மறுத்தனர். 1521 மே மாதத்திற்குப் பின் அவரைப் பற்றிய செய்தியே இல்லை. அவர் மலாக்காவுக்குத் திரும்பியிருந்தால், உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவராகவே இருக்கக்கூடும். அதற்குச் சான்று கிடைக்கவில்லை.

பெற்றோர்களே! பழைய தோட்டப் படங்களிலும் துரையின் பெயர் இருக்கும். பால்மரம் சீவியவர் பெயர் இராது. உங்கள் வீட்டுப் படங்களின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். எழுதாத பெயர் மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிடும்.

பயிற்சி:
1. கோட்டை வாயிலில் 1670 என்னும் ஆண்டு காணப்படுவது ஏன்?
2. என்ரிக்கேயின் பேச்சு பிலிப்பைன்சில் விளங்கியது எவ்வாறு?
3. தாத்தா, பாட்டியிடம் கேட்டு, ஒரு பழைய படத்திலுள்ள அனைவர் பெயரையும் எழுதி வருக.