ஜீப் வண்டியை நீட்டுதல்

முன் அச்சிற்கும் பின் அச்சிற்கும் இடையே உள்ள தூரம் ‘வீல்பேஸ்’ எனப்படும். மும்பையில் 1947-ஆம் ஆண்டு ஜீப் பூட்டும் தொழிலைத் தொடங்கிய மஹிந்திரா நிறுவனத்தாரின் சிஜே-3பி மாதிரியில் இத்தூரம் 80 அங்குலம். பின்னர் 91 அங்குல மாதிரிகளும் தோன்றின.

குர்லாவில் பழைய உதிரி உறுப்புகள் எளிதில் கிடைக்கின்றன. ஆகவே, குட்டை வண்டியின் அடிச்சட்டத்தை வெட்டி, 11 அங்குல இரும்பை இடையில் வைத்துப் பற்றவைத்தால் போதுமெனச் சிலர் எண்ணக்கூடும். அது பிழை.

நீண்ட சட்டம் அதே பாரத்திற்கு அதிகமாக வளையும். வலுவூட்டும் தகடின்றிப் பற்றவைத்த இடத்திலேயே விரிசல் தொடங்கலாம். பின் அச்சைச் சுழற்றும் தண்டும் நீள வேண்டும்; அதன் நீளம் ஒன்றரை மடங்கானால், அது அதிர்ந்து வளையத் தொடங்கும் வேகம் பாதிக்கும் கீழாகும். திரும்பும் வட்டம் ஏறத்தாழ 14 விழுக்காடு பெருகும். மேட்டைக் கடக்கையில் வண்டியின் அடிவயிறு தட்டும்.

நன்மையும் உண்டு. முன்பு பின் அச்சிற்கு நேர் மேலே இருந்த 400 கிலோ பாரத்தில், அச்சு 11 அங்குலம் பின்வாங்கியதும், 48 கிலோ முன் அச்சைச் சேரும்.

அடிக்கோலை இரு புத்தகங்களின்மீது பாலம்போல் வைத்து, இடைவெளியைக் கூட்டி, நடுவே ஒரே எடையை ஏற்றி, சட்டம் வளைவதை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்கலாம். களப் பணியாளர் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று: உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. பின்னிருக்கையில் அமர்வோரின் உயிர் அந்தப் பற்றவைப்பையே நம்பியிருக்கிறது.