மார்க் குறைந்தாலும் வெளிமாநில சீட்: தாம்பரம் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

1. பிளஸ் டூவில் 65 சதவீதம்தான் என்று டெல்லி, ஹைதராபாத் பக்கமே பார்க்காமல் இருக்காதீர்கள். 2022 முதல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான இளங்கலை இடங்கள் கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்படிதான் நிரம்புகின்றன. தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒவ்வொரு படிப்புக்கும் குறைந்தபட்சத் தகுதி மாறும். அதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.

2. சுலபமாக இருக்கிறதே என்று பிள்ளை படிக்காத பாடத்தை கியூட்டில் எடுக்க வேண்டாம். டெல்லி பல்கலைக்கழகம் பிளஸ் டூவில் படித்த பாடங்களையே கணக்கில் எடுக்கும்.

3. என்.ஐ.டி.களில் பாதி இடம் உள்மாநிலத்தவருக்கு. உள்மாநிலம் எது என்பதைப் பிளஸ் டூ எழுதிய இடம்தான் தீர்மானிக்கும். வீடு சேலையூரில் இருந்தாலும், கோச்சிங்குக்காக விஜயவாடாவில் பிளஸ் டூ எழுதிய பிள்ளை திருச்சி என்.ஐ.டி.க்கு வெளிமாநிலம்தான். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் உள்ள ட்ரிபிள் ஐ.டி.யில் மாநில ஒதுக்கீடே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் பாட்னா பிள்ளையும் அங்கே ஒரே வரிசை.

4. நிறைய பேர் கோட்டைவிடுவது ஓ.பி.சி. சான்றிதழில். பள்ளியில் கொடுத்த பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் 'கிரீமி லேயர் அல்லாதவர்' சான்று தனியாக வேண்டும். சாதியின் பெயர் மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் கிரீமி லேயர் வரம்பான 8 லட்சத்தைத் தாண்டிவிட்டதே என்று ரயில்வே குடும்பங்கள் பல விண்ணப்பிப்பதே இல்லை. அப்பாவும் அம்மாவும் குரூப் சி பதவியில் இருந்தால் அவர்கள் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. விவசாய வருமானமும் சேராது. சான்று பெரும்பாலும் அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் பதிந்துவிடுங்கள். வி.ஏ.ஓ.வில் தொடங்கி தாசில்தார் வரை போய்வர நாளாகும். ஜூலையில் ஓடினால் வேலைக்கு ஆகாது.

5. ஆதாரில் 'எஸ். கார்த்திக்', மார்க் ஷீட்டில் 'கார்த்திக் எஸ்', சாதிச் சான்றில் 'கார்த்திக் சுப்பிரமணியன்' என்று இருக்கிறதா? இந்த இனிஷியல் வடக்கே யாருக்கும் புரியாது. மார்க் ஷீட்டில் உள்ளபடியே ஆதாரை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள்.

6. டெல்லி யூனிவர்சிட்டியில் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகத்தில் மேனேஜ்மென்ட் கோட்டா கிடையாது.

7. கியூட் முடிவு வருவதற்குள் உள்ளூர்க் கல்லூரிகளில் சேர்க்கை முடிந்துவிடும். கைக்கு வந்த சீட்டை விட வேண்டாம். ஆனால் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒப்படைக்கும் முன் நாலைந்து ஜெராக்ஸ் எடுத்து, ஸ்கேனும் செய்து வையுங்கள். விலகினால் எந்தத் தேதி வரை கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. ரொம்ப தூரம் அனுப்ப மனமில்லையா? திருவாரூரில் 2009-இல் தொடங்கிய மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவும் கியூட் வழிதான். ஹைதராபாத் என்றால் சார்மினார் எக்ஸ்பிரஸ் தாம்பரத்திலிருந்தே புறப்படுகிறது. பெட்டி படுக்கையோடு சென்ட்ரல் வரை அலைய வேண்டாம்.