சாத்தாத கதவு

மும்பையில் ஜூன் மாதம் மழை பிடிக்கும். செப்டம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். மரக் கதவுகள் ஈரத்தைக் குடித்து ஊதிப்போகும்.

அங்கே ஒரு சின்ன வீடு. அம்மா, அப்பா, மகள், இரண்டு மகன்கள். ஐந்து பேருக்கும் ஒரே குளியலறை. அதன் கதவு சாத்தவில்லை. கீழ் மூலை தரையில் இடிக்கிறது. தாழ்ப்பாள் ஓட்டையில் சேரவில்லை.

மகளுக்கு வயது 15. எல்லோரும் எழுவதற்கு முன்பே, 4 மணிக்கு எழுந்து குளிக்கிறாள். தண்ணீர் நிறைந்த வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். வாளி கொஞ்சம் நகர்ந்தாலும் நெஞ்சு பதறும்.

"தச்சரைக் கூப்பிடும்மா" என்றாள் மகள்.

"கதவையே மாத்தணும்னு சொல்லிட்டுப் போனாரு. அவ்வளவு பணத்துக்கு எங்கே போறது? முதல்ல கோளாறு எங்கேன்னு பார்ப்போம், வா."

அம்மா கதவை மெதுவாகச் சாத்தினார். கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள சந்தைப் பார்த்தார். மேல் பக்கத்தில், கீல் இருக்கும் மூலையில் சந்து சிறியது. தாழ்ப்பாள் இருக்கும் மூலையில் பெரியது. அப்படி இருந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். தொங்கும் கதவு மேல் கீலைத்தான் பிடித்து இழுக்கும். கதவைத் தூக்கிப் பார்த்தார். மேல் கீல் ஆடியது. திருகாணிகள் சும்மா சுற்றின. ஓட்டைகள் பெரிதாகி, பிடிப்புப் போய்விட்டது.

இந்த நேரத்தில் பலர் கதவின் அடியைச் சீவிவிடுவார்கள். அது வேண்டாத வேலை. கீல் ஆடிக்கொண்டேதான் இருக்கும். கதவு இன்னும் தொங்கும்.

இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். முதலில் கதவின் அடியில் ஒரு மர ஆப்பைச் செருகினார்கள். கதவு தூக்கி நின்றது. மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அம்மா மேல் கீலை மட்டும் கழற்றினார். எல்லாக் கீல்களையும் ஒன்றாகக் கழற்றினால் கதவு மேலே சாய்ந்துவிடும். ஒரு திருகாணி துருப்பிடித்து அசையவில்லை. அதன் தலையில் இருந்த துருவை ஆணியால் சுரண்டினார். தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டார். அரை மணி நேரம் கழித்துத் திருப்புளியை அழுத்திச் சுற்றினார். வந்துவிட்டது.

ஈர மரத்தில் பசை பிடிக்காது. அதனால் மின்விசிறியைக் கதவுப் பக்கம் திருப்பி, ஓட்டைகளை நன்றாகக் காயவிட்டார்கள். பிறகு மூங்கில் குச்சியைச் சீவி, மரப் பசையில் தோய்த்து, ஓட்டைக்குள் தட்டி இறக்கினார்கள். பசை தண்ணீருக்குத் தாங்குவதாக இருக்க வேண்டும். கடையில் கேட்டே வாங்கலாம். வெளியே நீட்டிய குச்சியை வெட்டிவிட்டார்கள். மறுநாள் புதுத் திருகாணிகளை முடுக்கினார்கள். பித்தளை அல்லது எவர்சில்வர் திருகாணி சீக்கிரம் துருப்பிடிக்காது.

ஆப்பை எடுத்தார்கள். கதவு தரையில் படவில்லை.

தாழ்ப்பாள் மட்டும் ஓட்டைக்குச் சற்று மேலே போய் முட்டியது. மகள் குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்தாள். தாழ்ப்பாளின் நுனியில் தடவி, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தள்ளினாள். நிலையில் சிவப்புப் பொட்டு விழுந்தது. அந்த இடத்தில் புது ஓட்டை போட்டார்கள்.

சில கதவுகளில் கீல் நன்றாக இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் இறுகும். அது மரம் ஊதியதால் வருவது. மழையில் நிறையச் சீவினால், வெயில் காலத்தில் மரம் சுருங்கிச் சந்து விழும். இடிக்கும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். மழை முடிந்து மரம் காய்ந்ததும் பெயின்ட் அடிக்க வேண்டும். கதவின் அடி விளிம்பில் கட்டாயம் அடிக்க வேண்டும். கண்ணில் படாத இடம் என்று அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் ஏறுவதும், கதவு உளுப்பதும் அங்கிருந்துதான்.

பிளாஸ்டிக் கதவு உள்ளே கூடாக இருக்கும். குச்சி அடைத்துப் பயன் இல்லை. கதவின் மறுபக்கம் வரை ஓட்டை போட்டு, போல்ட்டும் வாஷரும் நட்டும் வைத்து முடுக்க வேண்டும்.

கதவைச் சரிசெய்யும்போது அடியில் உள்ள சந்தையும் அடைக்கத் தோன்றும். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதை அடைக்கவே கூடாது. மேலே உள்ள காற்றுத் துவாரத்தையும் மூடக் கூடாது. போதிய காற்று இல்லாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. குளிப்பவர் மயங்கி விழுவார். உயிரே போய்விடும். நம் நாட்டில் பல ஊர்களில் இப்படி இறந்திருக்கிறார்கள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, குழாய் வழியாக வெந்நீரை உள்ளே கொண்டுவருவதே நல்லது.

கீலை மாற்றும் வேலை வந்தால் இன்னொன்றையும் பார்க்கலாம். வயதானவர் உள்ளே வழுக்கி விழுந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். இடம் இருந்தால் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்டலாம்.