60 வாட் பல்பா, 100 வாட் பல்பா? ஒரு வைவா கேள்வியும் நியூட்ரல் கட்டும்



எலெக்ட்ரிக்கல் லேப் வைவாவில் அடிக்கடி வரும் கேள்வி இது. "60 வாட் குண்டு பல்பு ஒண்ணு, 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு. ரெண்டையும் சீரியஸில் போட்டு 230 வோல்ட் கொடுத்தா, எது பிரகாசமா எரியும்?"

யோசிக்காமல் "100 வாட் சார்" என்று சொன்னால் மாட்டினீர்கள். சீனியரிடம் கேட்டு "60" என்று மனப்பாடம் செய்திருந்தால், அடுத்து வரும் "ஏன்?"-இல் மாட்டுவீர்கள். அந்த "ஏன்" வைவாவோடு முடிகிற விஷயம் இல்லை. உங்க வீட்டு டிவியின் உயிரும் அதில்தான் இருக்கு.

பல்பு மேல் எழுதியிருப்பது என்ன?

"230 வோல்ட், 100 வாட்" என்றால், 230 வோல்ட் கிடைக்கும்போது மட்டும் 100 வாட் எடுக்கும் என்று பொருள். வோல்டேஜ் மாறினால் அந்த 100-ம் மாறிவிடும். பல்பு தன்னோடு கொண்டு வருவது வாட் அல்ல, ரெசிஸ்டன்ஸ்தான்.

வோல்டேஜின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ். 100 வாட் பல்புக்கு 529 ஓம். 60 வாட் பல்புக்கு சுமார் 882 ஓம். வாட் குறைந்தால் ரெசிஸ்டன்ஸ் கூடும். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எல்லாம் பேரலல். எல்லா பல்புக்கும் அதே 230 வோல்ட் கிடைக்கும், அதனால் 100 வாட்தான் ஜெயிக்கும். சீரியஸில் இரண்டிலும் ஒரே கரண்ட். யாருக்கு ரெசிஸ்டன்ஸ் அதிகமோ அவருக்கே வோல்டேஜில் பெரிய பங்கு. போட்டுப் பாருங்க: 60 வாட் பல்புக்கு சுமார் 144 வோல்ட், 23 வாட். 100 வாட் பல்புக்கு சுமார் 86 வோல்ட், 14 வாட். சின்னவர் ஜெயிச்சுட்டார்!

மல்டிமீட்டர் வேற சொல்லுதே?

எரியாத 100 வாட் பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் 529 வராது. சுமார் 40 ஓம்தான் காட்டும். மீட்டர் சரிதான். ஃபிலமென்ட் டங்ஸ்டன் கம்பி. எரியும்போது அது 2,500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும், ரெசிஸ்டன்ஸ் பத்து மடங்குக்கு மேல் ஏறும். நாம் கணக்குப் போட்டது சூடான நிலைக்கு. மீட்டர் அளந்தது ஆறிய நிலையை.

பழைய பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் நொடியில் ஃபியூஸ் ஆவதற்கும் இதுதான் காரணம். ஓடும்போது 0.43 ஆம்பியர் எடுக்கும் பல்பு, முதல் கணத்தில் 5 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தேய்ந்து மெலிந்த இடம் அந்த அடியைத் தாங்காது.

இப்போ வீட்டுக்கு வருவோம்

"நியூட்ரல் கட்டாகி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் போச்சு" என்று கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு ஒயர் அறுந்தால் கரண்ட் நிற்கத்தானே வேண்டும், ஏன் எரியணும்?

மூன்று ஃபேஸ் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேஸில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ், இன்னொன்றில் 60 வாட் பல்பு. நியூட்ரல் இருக்கும்வரை இரண்டும் தனித்தனியாக 230 வோல்ட்டில் ஓடும். நியூட்ரல் அறுந்தால் திரும்பிப் போக வேறு வழியில்லை. இரண்டும் சீரியஸ் ஆகி, இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்ட்டில் மாட்டிக்கொள்ளும். அயர்ன் பாக்ஸ் சுமார் 53 ஓம், பல்பு 882 ஓம். பல்புக்குப் போகும் பங்கு சுமார் 377 வோல்ட்!

அதே வைவா கேள்விதான், வோல்டேஜ் மட்டும் கூடிவிட்டது. பல்பு இருந்த இடத்தில் டிவியோ செட்டாப் பாக்ஸோ இருந்தால்? வாட் குறைந்த பொருளுக்குத்தான் முதல் அடி. எம்.சி.பி. காப்பாற்றும் என்று நினைக்காதீங்க. இங்கே ஓடுவது அரை ஆம்பியர்கூட இல்லை. அது எதற்காக ட்ரிப் ஆகணும்? மூன்று ஃபேஸ் வயரிங்கில் நியூட்ரலுக்கு ஃபியூஸ் போடக் கூடாது என்று விதி இருப்பதும் இதனால்தான்.

ஒரு அறையில் விளக்கு திடீரென்று கண் கூசுகிற மாதிரி எரிந்து, இன்னொரு அறையில் மங்கினால், யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடலாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கணக்கை எல்.இ.டி. பல்புக்குப் போடாதீங்க. அதற்குள் டிரைவர் சர்க்யூட் இருக்கு. கரண்ட்டை அதுதான் தீர்மானிக்கும். எல்.இ.டி. வாங்கும்போது வாட்டைப் பார்த்து வெளிச்சத்தை எடை போடவும் வேண்டாம். வாட் என்பது செலவு, லூமன் என்பதுதான் வெளிச்சம். 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தந்துவிடும்.

இனி வைவாவில் "60 வாட் சார்" என்று சொல்லுங்க. "ஏன்?" என்று கேட்டால், நியூட்ரல் கட்டிலிருந்தே ஆரம்பியுங்க!