செயற்கை உபகிரகங்களின் வீழ்ச்சி

மேலெறிந்த கல் கீழே வீழ்வதை நாம் நாளும் காண்கின்றோம். பூமியைச் சுற்றும் செயற்கை உபகிரகம் ஏன் வீழ்வதில்லை என்று நம்மை ஒருவர் வினவின், அது ஓயாது வீழ்ந்துகொண்டேதான் இருக்கின்றது என்பதே நேரிய விடையாம். பூமியின் ஆகர்ஷணம் அதனைக் கீழிழுக்க, அதன் வேகமோ பக்கவாட்டிற் செலுத்துகின்றது. அது வளைந்து வீழுமளவிற்கு உருண்டையாகிய நிலமும் அதன்கீழ் வளைந்து விலகுகின்றது. இதற்கு வேண்டிய வேகம், பூமிக்கு அண்மையிற் சுற்றுவனவற்றிற்கு மணிக்கு ஏறக்குறைய 28,000 கிலோமீட்டர்.

அங்ஙனமாயின் அஃது என்றுஞ் சுற்றவேண்டுமன்றோ? 400 கிலோமீட்டர் உயரத்தும் காற்று முற்றும் அற்றுப்போவதில்லை. மிக நொய்தாகிய அக்காற்று இடைவிடாது தடுத்தலால் உபகிரகம் சிறிது சிறிதாகத் தாழ்கின்றது. மாணாக்கர் பலர் மயங்குமிடம் இதுவே. தடையுற்ற பொருள் வேகங் குறைதலன்றோ இயல்பு? உபகிரகமோ தாழத் தாழ விரைவு மிகுகின்றது! காற்றினால் அஃது இழக்கும் வேகத்தினும், கீழிறங்குதலாற் பெறும் வேகம் மிகுதியாதலே காரணம். தாழ்ந்தவிடத்துக் காற்று அடர்ந்திருக்கும். அடர்ந்த காற்று அதனைப் பின்னுந் தாழ்த்தும். ஆகவே ஆண்டுக்கணக்கில் மெல்லச் சென்ற காரியம் இறுதியில் நிமிடக்கணக்கில் முடிகின்றது. ஏறக்குறைய 120 கிலோமீட்டர் உயரத்திற்கு இறங்கியபின் மீண்டொரு சுற்று வருதல் அரிது. முன்னே நெருக்குண்ட காற்றுத் தீயெனக் கனல, அலுமினியம் உருகும். டைட்டேனியம், எஃகு முதலியவற்றாலாகிய சில கலங்களே தப்பி நிலத்தை அடையும்.

ஸ்கைலாப் என்னும் அமெரிக்க விண்ணகத்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். ஏறக்குறைய 77 டன் எடையுள்ள அது 1973-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள் ஏவப்பட்டது. மும்மூவராக மூன்று குழுவினர் வதிந்து, 1974 பிப்ரவரியில் இறுதிக் குழுவினர் மீண்டனர். பின்னர் வரவிருந்த விண்ணோடத்தால் அதனை உயர்த்திவிடலாமென அறிஞர் எண்ணினர். சூரியன் அதுவரை பொறுக்கவில்லை. அதன் கொதிப்பு எதிர்பார்த்ததினும் மிக, மேல்வாயு சூடேறி விரிந்து, தடை பெருகிற்று. விண்ணோடம் முதன்முதற் பறந்தது 1981-இல். ஸ்கைலாபோ 1979 ஜூலை 11-இல் வீழ்ந்துபட்டது.

எங்கு வீழுமென்று உறுதியாகக் கூறவல்லார் ஒருவருமிலர். காலத்திற் பத்து நிமிடம் பிழைப்பின் இடத்தில் 4,000 கிலோமீட்டருக்கு மேற் பிழைக்குமன்றோ? நம் நாட்டிலும் பலர் வானை நோக்கி அஞ்சியிருந்தனர். முடிவில் அது இந்தியப் பெருங்கடலிலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் நகரைச் சூழ்ந்த பகுதிகளிலும் சிதறிற்று, எவர்க்கும் ஊறில்லை. குப்பை கொட்டிய குற்றத்திற்காக அவ்வூர் ஆட்சியார் அமெரிக்கருக்கு 400 டாலர் அபராதம் விதித்தனர் என்பதை நாம் நகைத்து நீங்கலாம்.

அதற்கு முந்திய ஆண்டு நிகழ்ந்தது நகைக்கத்தக்கதன்று. 1978 ஜனவரி 24-இல், அணு உலை தாங்கிய காஸ்மாஸ் 954 என்னும் சோவியத் உபகிரகம் கனடாவின் வடமேற்குப் பனிநிலத்திற் சிதறிற்று. அவ்வுலையை மேலும் உயரத்திற்கு ஏற்றிவிடச் செய்திருந்த ஏற்பாடு தவறிப்போயிற்று. கதிர்வீசுந் துண்டுகளைக் கடுங்குளிரில் மாதக்கணக்கிற் பொறுக்கிய கனடியர் 60 லட்சம் டாலருக்கு மேற் கேட்டனர். 1981-இல் சோவியத்தார் கொடுக்க உடன்பட்டது 30 லட்சம்.