காணாமல் போகலாமா மயிலையை?

மயிலாப்பூருக்குப் போகாத சென்னைப் பெண்மணி யார்? ஆட்டோவில் வந்து இறங்குவோம். கபாலீஸ்வரரையும் கற்பகாம்பாளையும் தரிசிப்போம். மாட வீதியில் பூவும் காய்கறியும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். கோயிலைப் பார்த்தாயிற்று, சரி. ஆனால் ஊரைப் பார்த்தோமா? அடுத்த முறை ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாநகரத்துக்குள் இன்னமும் கிராமமாகவே இருக்கும் மயிலையை நடந்தே பார்க்கலாம்.

எல்லையில் தொடங்குவோம்

எந்த ஊருக்கும் எல்லையைக் காக்க ஓர் அம்மன் உண்டு. மயிலைக்குக் கோலவிழி அம்மன். கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா தொடங்கும் முன், கிராம தேவதையான இவளுக்குத்தான் முதலில் பூஜை. ஊருக்கே பெரியவர் ஆனாலும், எல்லைத் தாயிடம் சொல்லிக்கொண்டுதான் சுவாமி வீதிக்கு வருகிறார். நாமும் அந்த முறையிலேயே போவோமே! அருகிலேயே வாலீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. மயிலையின் ஏழு சிவாலயங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து முண்டகக்கண்ணி அம்மன். சுயம்புவாக எழுந்தருளியவள். சுற்றிலும் எத்தனை மாடிகள் உயர்ந்தாலும் இவள் கருவறைக்கு இன்றும் கீற்றுக் கொட்டகைதான். ஆடி மாதத்தில் பெண்கள் பொங்கல் வைத்து வழிபடுவதைக் கண்டால், இது சென்னைதானா என்று வியப்பீர்கள்.

பக்கத்துத் தெருக்களில் நடந்தால் சைவமும் வைணவமும் தோளோடு தோள் உரசி நிற்பதைக் காணலாம். பேயாழ்வார் அவதரித்தது இந்த ஊரில்தான். ஆதிகேசவப் பெருமாள், மாதவப் பெருமாள், வேதாந்த தேசிகர் சந்நிதி கொண்ட ஸ்ரீநிவாசப் பெருமாள் என்று அடுத்தடுத்துக் கோயில்கள். மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி ஈசனை வழிபட்ட வாயிலார் நாயனாரும் மயிலைக்காரரே. திருவள்ளுவர் பிறந்த ஊரும் இதுவே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. அவருக்கும் இங்கே கோயில் உண்டு.

பெண்ணை எழுப்பிய பதிகம்

இப்போது பெரிய கோயிலுக்கு வருவோம். கிழக்கே வானளாவிய ராஜகோபுரம். சுவாமியோ மேற்கு நோக்கித் திருக்குளத்தைப் பார்த்திருக்கிறார். அம்பிகை மயில் உருவில் பூஜித்ததை நினைவூட்டும் புன்னை மரத்தை வலம் வாருங்கள். பிறகு பூம்பாவை சந்நிதிக்கு முன் சற்று நில்லுங்கள்.

மயிலை வணிகர் சிவநேசர், தம் மகள் பூம்பாவையைத் திருஞானசம்பந்தருக்கே உரியவள் என்று எண்ணி வளர்த்தார். பாம்பு தீண்டி அவள் இறந்தாள். அவளுடைய அஸ்தியைக் குடத்தில் வைத்துக் காத்திருந்தார் தந்தை. சம்பந்தர் வந்து பதிகம் பாட, குடத்திலிருந்து எழுந்தாள் பெண். 'உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள்' என்று சம்பந்தர் மணத்தை மறுத்துவிட்டார்.

இந்தக் கதை நமக்குத் தெரியும். ஆனால், அவர் என்ன சொல்லி எழுப்பினார் என்று கவனித்திருக்கிறோமா? தத்துவம் எதுவும் பேசவில்லை. ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறார். அடியார்களுக்கு அமுது படைப்பது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்... இவற்றையெல்லாம் காணாமலே போய்விடுவாயா பெண்ணே என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் அவள் எழுந்து வந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சம்பந்தர் பாடியது 7-ம் நூற்றாண்டில். அந்தப் பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வந்த பிறகு அது அழிந்தது என்றும், இப்போதுள்ள கோயில் பின்னர் எழுந்தது என்றும் ஆய்வாளர்கள் கூறுவர். கல் போனது, இடமும் மாறியது. ஆனால் தைப்பூசத்தையொட்டித் தெப்பம் இன்றும் மிதக்கிறது. பங்குனி எட்டாம் நாள் பூம்பாவை உயிர்பெறும் ஐதிகம் நடக்கிறது. அன்றே அறுபத்துமூவர் வீதி வருகிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் தெருவுக்குத் தெரு அன்னமும் நீர்மோரும் பானகமும் தருகிறார்களே, அதுவும் பதிகம் சொன்ன அமுது படைப்பின் தொடர்ச்சிதானே? ஊரைக் காப்பாற்றி வைத்திருப்பது கட்டடம் அல்ல, விடாமல் செய்யும் வழக்கம்.

வாசல் இல்லாத வீடு

மாட வீதியில் நடக்கும்போது கவலையும் வருகிறது. திண்ணை வைத்த ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடிகளாகிவிட்டன. அங்கே ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பிறந்த வீட்டை இடித்துக் கட்டிய குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருக்கிறாராம்.

"வாசல் போயிடுத்தேன்னு மொதல்ல அழுதேம்மா. இப்போ சுவாமி புறப்பாடுன்னா, முட்டி வலியோட மெதுவா இறங்கி வந்து கேட்டுக்கு வெளியிலே ஒரு கோலம் போட்டுடறேன். நாம சுவாமியைப் பார்க்கறது இருக்கட்டும், அவர் நம்ம வாசலைப் பார்க்காம போயிடக் கூடாதோல்லியோ?" என்றார்.

பூம்பாவையிடம் கேட்ட கேள்விக்கு, இந்த அம்மாள் தம் வீட்டு வாசலில் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்!

நீங்கள் செல்லும்போது...

* நண்பகலில் நடை சாத்துவார்கள். ஆகவே காலையிலேயே கிளம்புங்கள். திருமயிலை ரயில் நிலையத்திலிருந்து கோயில் நடக்கும் தூரம்தான்.

* பூ, காய்கறி, நவராத்திரி பொம்மை எதுவானாலும் மாட வீதிச் சிறு வியாபாரிகளிடம் வாங்குங்கள். இந்த ஊரின் உயிர் அவர்களிடமும் இருக்கிறது.

* குளத்தில் பூவோ பிளாஸ்டிக் பையோ போடாதீர்கள். தெப்பம் மிதக்கும் நீர் அது.

* பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். பதிகத்தில் வரும் விழாக்களை வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள்.

நீங்கள் வசிப்பது மயிலையாக இல்லாமல் இருக்கலாம். உங்கள் பேட்டையிலும் ஓர் எல்லை அம்மனும் ஒரு குளமும் ஒரு புறப்பாடும் இருக்கும். அவற்றைக் காணாமல் போகலாமா? வருகிற வெள்ளிக்கிழமை, கோலப்பொடிக் கிண்ணத்தோடு வாசலுக்கு இறங்கி வாருங்கள்.