எண்ணித் தைக்கும் பூவேலை

தறி ஓய்ந்திருக்கும் வேளையில் ஊசியெடுக்க விரும்பும் பெண்மணிகளுக்கு எளிதிற் கைவருவது குறுக்குத் தையல். சாய்வான இரண்டு தையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து பெருக்கல் குறி போல் நிற்பதே இதன் இலக்கணம். ஒவ்வொரு குறியும் ஒரு சதுரம். சதுரங்கள் சேர்ந்தால் சித்திரம். ஆதலால் இவ்வேலைக்குக் கைத்திறனுக்கு முன் கணக்கு வேண்டும். கணக்குத் தவறினால், எத்துணை நேர்த்தியாகத் தைத்த துணியும் விலை போகாது.

இழையெண்ணித் தைப்பது நமக்குப் புதிதன்று. நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் பூவேலை, தாளில் வரைந்த மாதிரியின்றி இழைகளை எண்ணியே அமைவது. அது குறுக்குத் தையலன்று. இழைகளினூடே ஊசியை ஓட்டும் வகை. எனினும் எண்ணிக்கையே இரண்டுக்கும் உயிர். அவ்வேலைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

முதலில் துணியைக் கவனிப்போம். அங்குலத்திற்குப் பாவில் 28 இழை, ஊடையில் 28 இழை உள்ள துணியில், இரண்டிரண்டு இழைகளைச் சேர்த்துத் தைத்தால் இருபுறமும் அங்குலத்திற்கு 14 தையல் விழும். ஊடை தளர்ந்து 24 இழையே நின்றால் அப்பக்கம் 12 தையல்தான். 84 கட்டம் அகலமும் 84 கட்டம் உயரமும் உள்ள ஒரு வட்டப் பூ, முதல் துணியில் 6 அங்குல வட்டமாகவே அமையும்; இரண்டாவது துணியிலோ அகலம் 6 அங்குலம், உயரம் 7 அங்குலமாகி முட்டைபோல் நீண்டுவிடும். தைத்தவர்மீது குற்றமில்லை, குற்றம் நெசவில் இருக்கிறது. துணியை ஒருமுறை நனைத்து உலர்த்தி, சுருங்கியபின் இழைகளை எண்ணுவதே சரியான முறை.

அடுத்தது மாதிரி வரைதல். கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை ஒரு தையலாகக் கொள்ள வேண்டும். நடுவே ஒற்றைக் காம்போ தண்டோ உள்ள உருவத்திற்கு அகலத்தில் ஒற்றைப்படைக் கட்டங்கள் வேண்டும். இரட்டைப்படையாயின் நடுக்கோடு கிடைக்காது. கரை அமைப்பதாயின் வகுத்துப் பார்க்க வேண்டும். 8 அங்குல நீளத்திற்கு 112 கட்டங்கள். ஒரு பூவுக்கு 8 கட்டம் என்றால் 14 பூக்கள் மிச்சமின்றி அமையும். 9 கட்டம் என்றால் 12 பூக்கள் போக 4 கட்டம் மிஞ்சி, ஓரத்தில் அரைப்பூ நிற்கும். வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியிட்டுக்கொண்டால் மயக்கம் வராது.

இனித் தைக்கும் முறை. துணியை இருபுறமும் மடித்து நடுப்புள்ளியைக் கண்டு, மாதிரியின் நடுவிலிருந்து தொடங்குக. சுற்றிலும் 3 அங்குலம் வெறுந்துணி விடுக. ஆறு புரி உள்ள பூவேலை நூலில் இரண்டு புரிகளைப் பிரித்து, ஒன்றரை அடி நீளத்திற்கு மேற்படாமல் கோத்து, முனை மழுங்கிய ஊசியால் தைக்கலாம். மேலே விழும் சாய்தையல்கள் யாவும் ஒரே திசையில் இருத்தல் அவசியம். மாறினால் ஒளி பட்டவிடத்து வேலை திட்டுத்திட்டாகத் தோன்றும். முடிச்சுப் போடாமல், நூல் நுனியைப் பின்புறத் தையல்களின் கீழ்ச் செருகிவிட வேண்டும். சிவப்பு, கருநீலம் போன்ற நூல்களை நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிச் சாயம் இறங்குகிறதா எனப் பார்த்த பின்னரே எடுத்தல் நலம்.

நெய்பவர் ஓரிடத்தும் தைப்பவர் ஓரிடத்துமாக இருப்பினும் கணக்கு ஒன்றே. பாவும் ஊடையும் சமமாக நெய்த துணியை நம் நெசவாளர் தந்தால், பல நாள் உழைப்பு வீணாகாது. அடுத்த பாவு ஏற்றுமுன் தைப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டறியுமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.